மிதந்த துளி

இரத்ததான முகாம் நடத்துகிறவன் என்று எங்கள் பகுதியில் எனக்கொரு பெயருண்டு. 2018 முதல் ஐந்து முகாம்களை ஒழுங்கு செய்திருக்கிறேன். பதாகை கட்டுவது, கதிரை இரவல் வாங்குவது, கொடுத்துவிட்டு எழும்புகிறவர்களுக்கு மைலோ கலக்க ஆள் பிடிப்பது எல்லாம் என் பொறுப்பு. ஆனால், நான் இன்றுவரை ஒரு பைந்து இரத்தமும் கொடுத்ததில்லை. கொடுத்தது ஒரு துளிதான். அதைப்பற்றிச் சிறுகதையொன்று எழுதலாமென்று இரண்டு தடவை தொடங்கிப் பார்த்தேன். கதையாக்கினால் எனக்குச் சாதகமாக எதையாவது மாற்றிவிடுவேன் போலிருந்தது. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எங்களது ஊர் குருநாகல் மாவட்டத்தில், தென்னந்தோட்டங்களுக்கும் வயல்களுக்கும் நடுவே, நாலாபுறமும் சிங்களக் கிராமங்கள் சூழ்ந்திருக்கும் சிற்றூர். ஒரு பள்ளிவாசல், ஒரு பாடசாலை, ஏறக்குறைய இருநூறு வீடுகள். தொண்டர் ஆசிரியனாகத் தொடங்கி, நியமனம் பெற்று, அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் இரண்டு வருடம் பயின்று திரும்பியதிலிருந்து இதே பாடசாலையில்தான் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். நான் படிப்பித்த பிள்ளைகளின் பிள்ளைகள் இப்போது முதலாம் தரத்திற்கு வரத் தொடங்கிவிட்டார்கள்.

2018 இல் தரம் 6 இற்கு ஒரு பிள்ளை வந்தாள். அவளது பெயரை எழுதப்போவதில்லை. காரணம் போகப் போகத் தெரியும். மாதத்தில் ஒரு நாள் அவள் வரமாட்டாள். அதற்கு முந்திய இரண்டு மூன்று நாட்கள் மேசையில் தலையைச் சாய்த்தபடியே இருப்பாள். மறுநாள் வரும்போது வேறொரு பிள்ளை போல ஓடித் திரிவாள். இடாப்பைப் பார்த்து நான்தான் கணக்கைக் கண்டுபிடித்தேன். நான்கு வாரத்திற்கொரு தடவை. வாப்பாவைக் கூப்பிட்டு விசாரித்தபோது, அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து மெல்லிய குரலில், "தலசீமியா சேர்" என்றார்.

அவர் வாரச் சந்தைகளில் உடுப்பு விற்பவர். குழந்தைக்கு ஒரு வயதாகுமுன்னரே நோய் பிடிபட்டுவிட்டதாம். அன்று முதல் குருநாகல் வைத்தியசாலைக்கு அலைச்சல். இந்த நோயுள்ளவர்களின் உடம்பு நல்ல சிவப்பணுக்களைப் போதியளவு உண்டாக்காது. வெளியிலிருந்து இரத்தம் ஏற்றிக்கொண்டேயிருக்க வேண்டும். ஏற்றுகிற ஒவ்வொரு பையோடும் இரும்புச் சத்தும் உள்ளே போகிறது. அதை வெளியேற்ற உடம்புக்கு வழியில்லை; இருதயத்திலும் ஈரலிலும் போய்த் தங்கிவிடும். அதற்காக இரவு முழுவதும் வயிற்றுத் தோலின் கீழ் ஊசியைக் குத்தி, சிறிய பம்பொன்றினால் மருந்தைச் செலுத்துவார்கள். வாரத்தில் ஐந்து இரவு. பிற்காலத்தில் கரைத்துக் குடிக்கிற குளிசை வந்து கொஞ்சம் இலகுவாகியது. அந்தப் பிள்ளை ஊசியைத் தானே குத்திக்கொள்ளப் பழகியிருந்தது. பதினொரு வயது.

அவளுடைய உம்மாவும் வாப்பாவும் மச்சான் மச்சிதான். எங்கள் ஊரில் அப்படியில்லாத குடும்பத்தைத் தேடித்தான் எடுக்கவேண்டும்.

முகாம் நடத்தும் யோசனை அப்படித்தான் வந்தது. சுற்றியுள்ள பன்சலைகளில் போயா தினங்களிலும், செத்தவர்களின் நினைவு நாட்களிலும் இரத்ததானம் நடக்கும். எங்கள் பிள்ளையின் உடம்பில் மாதாமாதம் ஏறுவது அதிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம். பையில் இலக்கமும், இரத்த வகையும், திகதியும் மட்டும்தானே இருக்கும். எங்கள் ஊரிலிருந்து ஒரு பையாவது அந்தக் குளிர்ப்பெட்டிக்குள் போக வேண்டாமா என்று நினைத்தேன்.

மார்க்கத் தடையொன்று வரும் என்று எதிர்பார்த்துப் பலமாக ஆயத்தம் செய்தேன். 1988 இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி, உறுப்பு மாற்றுச் சிகிச்சையையே நிபந்தனைகளோடு அனுமதித்திருக்கும் விபரமெல்லாம் எழுதிக்கொண்டு மௌலவியிடம் போனேன். அவர் தாளை வாசிக்கவுமில்லை. "இரத்தத்துக்கு என்ன சேர் பத்வா? எப்ப வெக்கிற?" என்றார். ஒரேயொரு மூத்தம்மாதான், மற்ற மார்க்கத்து ஆளின் இரத்தம் உடம்பில் ஓடினால் தொழுகை கூடுமா என்று கேட்டனுப்பினார். "குடுத்தவங்க எங்கட மார்க்கத்தக் கேட்டா குடுத்தாங்க, உம்மா?" என்று மௌலவி திருப்பிக் கேட்டாராம். அதோடு அந்த விடயம் முடிந்தது. சிக்கல் நான் காவல் வைத்த வாசலால் வரவில்லை.

முகாமுக்கு முந்திய வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் ஒலிவாங்கியை என் கையில் தந்தார்கள். ஆசிரியனின் கையில் ஒலிவாங்கி கிடைத்தால் என்னவாகும் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு உயிரைக் காப்பது பற்றிய வசனத்தில் தொடங்கினேன். சபை அசையவில்லை. ஆகவே, "தூரத்தில் இல்லை, எங்கள் ஊரிலேயே, எங்கள் பாடசாலையிலே தரம் 6 இல் படிக்கிற ஒரு பிள்ளை மாதாமாதம் பிறர் இரத்தத்தில்தான் உயிர் வாழ்கிறது" என்றேன். சபை நிமிர்ந்தது. பெயர் சொல்லவில்லை. ஆனால் தரம் 6 இல் இருந்ததே பத்தொன்பது பிள்ளைகள்தான். அதில் மாதாமாதம் வராத பிள்ளை ஒன்றுதான்.

முகாமுக்கு 42 பேர் வந்தார்கள். வைத்தியசாலையிலிருந்து வந்தவர்களே எதிர்பார்க்கவில்லை. பழைய மாணவர்கள் முன்னிலையில் முதலாவதாக நானே போய் உட்கார்ந்தேன். விரல் நுனியில் குத்தி எடுத்த துளியை ஒரு நீல நிறத் திரவத்தில் விட்டார்கள். அது செப்புச் சல்பேற்றுக் கரைசல். இரத்தத்தில் ஈமோகுளோபின் போதுமான அளவு இருந்தால் துளி பாரமாகிக் கீழே போகும். 12.5 கிராமுக்குக் குறைந்தால் போகாது. அடர்த்திப் பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது; இப்போதும் வகுப்பில் சொல்கிறேன். என் துளி மிதந்தது. தாதி இரண்டாவது தடவையும் விட்டுப் பார்த்தார். அதுவும் மிதந்தது. "சேர் பயந்திட்டார்" என்று எவனோ பின்னாலிருந்து சொல்ல, மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். வந்திருந்த வைத்தியர் சிரிக்கவில்லை. ஒரு துண்டில் எதையோ எழுதித் தந்து, இதை ஒருக்கால் பரிசோதித்துக்கொள்ளுங்கள் என்றார்.

இரண்டு வாரம் கழிந்து அந்தப் பிள்ளையின் வாப்பா வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. மூத்த மகளுக்குக் கண்டிப் பக்கத்தில் பேசி முடிவாகியிருந்த சம்பந்தம் நின்றுவிட்டது. மாப்பிள்ளை வீட்டார், கொஞ்ச நாளைக்குப் பொறுப்போம் என்று ஆளனுப்பியிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி அந்த ஊரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். ஜும்ஆ முடிந்து அஸருக்கு முன்னரே செய்தி போய்விட்டதாம்.

"நீங்க நல்லதுக்குத்தான் சென்னீங்க சேர்" என்றார். அவ்வளவுதான். படலையைத் திறந்துகொண்டு போய்விட்டார். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்தக் குற்ற உணர்ச்சியோடுதான் நான் பரிசோதனைக்குப் போனேன். முடிவு வர சில வாரங்கள் எடுத்தன. நான் தலசீமியாக் காவி. எங்கள் விஞ்ஞானப் புத்தகத்திலே அந்தச் சொல் இருக்கிறது. கரும்பலகையில் எத்தனையோ வருடம் எழுதியிருக்கிறேன். நோயில்லை, மருந்தில்லை, தேவையில்லாமல் இரும்புக் குளிசை போடாதீர்கள் என்று சொல்லிவிட்டு வைத்தியர், "சகோதரங்களுக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள், அவர்களும் பார்த்துக்கொள்ளட்டும்" என்றார்.

தாளை மடித்து அலுமாரியில் காணி உறுதிகளுக்கு அடியில் வைத்தேன். மனைவியிடம், இரத்தம் கொஞ்சம் குறைவாம் என்று மட்டும் சொன்னேன். பாவம், அவள் ஆறு மாதம் முருங்கைக் கீரையும் ஈரலுமாகச் சமைத்துப் போட்டாள். நானும் ருசியாகத்தான் சாப்பிட்டேன்.

2019 ஏப்ரல் 21 இற்குப் பிறகு நடந்ததெல்லாம் இந்த இதழின் வாசகர்கள் அறிந்தது. மே 13 இல், நோன்பு காலத்தில், எங்கள் வடமேல் மாகாணத்து ஊர்கள் தாக்கப்பட்டன. எங்கள் ஊருக்குள் வரவில்லை. ஆனால் புகை தெரிந்தது. அந்தப் பிள்ளைக்கு மே 15 இரத்தம் ஏற்றும் நாள். ஊரடங்குச் சட்டம் நீங்கிய பிறகும் வாப்பாவுக்குப் பஸ்ஸில் ஏறத் துணிவு வரவில்லை. ஒரு நாள், இரண்டு நாள் என்று போய் எட்டு நாளாகியது. பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கடைசியில் நானும் கூடப்போனேன். பஸ்ஸில் யாரும் எங்களோடு பேசவில்லை. பக்கத்தில் வந்து உட்காரவுமில்லை. அவளது உம்மா வழி முழுக்க ஓதிக்கொண்டே வந்தார். வாட்டில் தாதி, ஏன் பிந்தினீர்கள் என்று சத்தமிட்டார். காரணத்தை வாப்பா தட்டுத்தடுமாறிச் சிங்களத்தில் சொன்னதும் அவர் ஒன்றும் பேசாமல் போய்ப் பையைக் கொண்டுவந்து கொளுவினார். நான் கிட்டப் போய் அந்தப் பையைப் பார்த்தேன். இலக்கம், வகை, திகதி. குண்டு வெடிப்புக்குப் பிறகு எடுத்த இரத்தம். இந்தச் சில வாரங்களுக்குள் யாரோ ஒருவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு படுத்திருக்கிறார். பஸ்ஸில் என்னருகே உட்காராத ஆளாகவும் அவர் இருக்கலாம். இதை நான் பெருமைக்காகவோ நல்லிணக்கப் பேச்சுக்காகவோ எழுதவில்லை. அன்று அந்த யோசனை எனக்கு ஆறுதலையும் தரவில்லை, ஒரு வகைக் குழப்பத்தைத்தான் தந்தது.

2021 ஜனவரி முகாமை மறக்க முடியாது. கொவிட்டில் இறந்த எங்கள் ஜனாஸாக்களை எரித்துக்கொண்டிருந்த காலம். பள்ளி விறாந்தையில் ஒரு இளைஞன் என்னை மறித்து, "எங்கட மையித்த எரிக்கிற நாட்டுக்கு நாங்க ஏன் சேர் இரத்தம் குடுக்கோணும்?" என்று கேட்டான். அவனுடைய மூத்தாப்பாவை அப்படித்தான் பறிகொடுத்திருந்தான். என்னிடம் பதில் இருக்கவில்லை. அம்முறை 11 பேர்தான் வந்தார்கள். இரத்தம் நாட்டுக்குப் போவதில்லை, நோயாளிக்குத்தான் போகிறது என்று பிற்பாடு வீட்டில் ஒரு பதில் தோன்றியது. தோன்றியிருந்தாலும் அந்த நேரத்தில் அவனிடம் சொல்லியிருப்பேனா என்பது சந்தேகம். அடுத்த வருட முகாமில் அவன் வந்து படுத்திருந்தான். நான் ஏனென்று கேட்கவில்லை.

2024 இன் ஆரம்பத்தில் என் மூத்த சகோதரி வீட்டுக்கு வந்தார். எங்கள் பக்கத்தில் மூத்த சகோதரியைத் தாத்தா என்போம். கட்டாரில் வேலை செய்யும் அவரது மகனுக்கு என் மகளைக் கேட்டு வந்திருந்தார். மருமகன் நல்ல பொடியன். மகளுக்கும் விருப்பமென்பதை மனைவியின் முகம் சொன்னது. எனக்கும் விருப்பம்தான். தாத்தாதான் என்னைத் தூக்கி வளர்த்தவர். "நீ ஏன் தம்பி ஒன்டும் செல்லாம ஈக்கிற?" என்று கேட்டார். சந்தோசத்தில் வாயடைத்துப் போனேன் என்றேன்.

அன்றிரவு அப்பியாசக் கொப்பியொன்றின் கடைசிப் பக்கத்தில் கணக்குப் பார்த்தேன். என்னிடமிருந்து மகளுக்கு வந்திருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. இது எங்கள் உம்மாவிடமோ வாப்பாவிடமோ இருந்துதான் எனக்கு வந்திருக்க வேண்டும்; ஆகவே தாத்தாவுக்கும் இரண்டில் ஒன்று, அவர் மகனுக்கு நான்கில் ஒன்று. இருவரும் காவிகளாக இருக்க எட்டில் ஒன்று. அப்படியிருந்தால் ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒன்று. பெருக்கினால் முப்பத்திரண்டில் ஒன்று. முப்பத்திரண்டில் ஒன்றுதானே என்று கொப்பியை மூடினேன். இதே விகிதத்தில் பரீட்சையில் சித்தியடையலாம் என்று ஒரு மாணவன் வந்து சொல்லியிருந்தால், எவ்வளவு பெரிது என்று நானே சொல்லியிருப்பேன். நான்கு மாதம் வாய் திறக்கவில்லை.

இந்த நோய் எங்கள் பகுதிக்கு ஏன் வந்தது என்று வகுப்பில் நான் நீளமாகச் சொல்வதுண்டு. மலேரியா அதிகமாக இருந்த பிரதேசங்களில் காவிகளுக்கு மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்பு இருந்தது. அதனால் அந்தப் பரம்பரையலகு அழியாமல் தங்கிவிட்டது. 2016 இல் இலங்கை மலேரியா இல்லாத நாடென்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. மலேரியா போய்விட்டது, அது விட்டுப்போன பொருள் எங்கள் உடம்பில் இருக்கிறது. ஈரானில் 1997 முதலும் சவூதி அரேபியாவில் 2004 முதலும் திருமணத்துக்கு முன் இந்தப் பரிசோதனை கட்டாயம். சவூதியில் பிறை தென்பட்டதா என்று விடிய விடிய விசாரிக்கிற நாங்கள் அங்கே நிகாஹுக்கு முன் என்ன பார்க்கிறார்கள் என்று விசாரிப்பதில்லை. இதையெல்லாம் நான் ஒரு பெற்றோர் கூட்டத்திலே பேசி, கைதட்டும் வாங்கியவன். அப்போதும் அந்தத் தாள் அலுமாரியில்தான் கிடந்தது.

ஓகஸ்ட் மாதம் அந்தப் பிள்ளையின் வாப்பா மீண்டும் என் வீட்டுக்கு வந்தார். இந்த முறை உட்கார்ந்தார். மூத்த மகளின் கல்யாண அழைப்பிதழை நீட்டினார். ஆறு வருடம் பிந்திய கல்யாணம். நான் என்ன சொல்வதென்று தெரியாமல் மாப்பிள்ளை எந்த ஊர் என்று கேட்டேன். ஊரைச் சொல்லிவிட்டு அவராகவே சொன்னார்: "எல்லாத்தயும் முதல்லயே செல்லிட்டோம் சேர். மகளும் டெஸ்ட் பண்ணினா, காவிதான். மாப்புளையும் பண்ணிட்டு வந்து தாளக் காட்டினார். அவருக்கு இல்ல. நாங்க ஒளிச்சதாலதானே அன்டைக்கி அப்பிடி ஆன. நீங்க மனசில வெச்சிக்காதீங்க."

என்னை மன்னிக்க வந்திருந்தார். நான் தேநீரைக் கொண்டுவரச் சொல்லி உள்ளே போய் அலுமாரிக்கு முன்னால் நின்றேன்.

மறுநாள் அஸர் தொழுதுவிட்டுத் தாத்தாவின் வீட்டுக்குத் தாளோடு போனேன். அவர் திண்ணையில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். வாசித்துக் காட்டினேன். விளங்கவில்லை. விளக்கினேன். விளங்கியதும் முதலில் வந்தது கோபம்தான். "எங்கட குடும்பத்தில அப்பிடி நோய் ஒன்டும் இல்ல. பிள்ளையத் தர விருப்பமில்லாட்டி நேரச் செல்லு" என்றார். சுளகைக் கீழே வைத்துவிட்டார். நான் எழும்பப் போனபோது, அவர் வேறெங்கோ பார்த்தபடி, "வாப்பாவுக்கு எந்த நாளும் சோகைண்டு இரும்புக் குளிசதானே குடுத்தாங்க" என்றார். சிறிது நேரம் இருவரும் பேசவில்லை. வாப்பா 2011 இல் மௌத்தானவர். வெளிறிய முகமும், பள்ளிப் படியேறினால் மூச்சு வாங்குவதும் அவரது இயல்பென்று நாங்கள் நினைத்திருந்தோம். அவர் காவியா இல்லையா என்று இனி யாரும் சொல்லப்போவதில்லை.

"எத்தின வருசமா இது உங்கிட்ட ஈக்கி?" என்று தாத்தா கேட்டார். ஆறு வருடம் என்றேன். அதற்கு அவர் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை. மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நோய்க்காக அல்ல, ஈரல் சமைத்ததற்காக.

டிசம்பரில் மருமகன் விடுமுறையில் வந்தான். விடயத்தைக் கேட்டுவிட்டு, "கட்டார்லயும் இது பாக்கிறாங்க மாமா. இதுக்கா இவ்வளவு?" என்றான். அடுத்த புதன்கிழமை நாங்கள் நான்கு பேர் குருநாகலுக்குப் பஸ் ஏறினோம். மகள், மருமகன், நான், தாத்தா. தாத்தா வரத் தேவையில்லை, பிள்ளைகள் இருவரையும் பார்த்தால் போதும் என்று எவ்வளவோ சொன்னேன். எனக்கும் பார்க்கோணும் என்று வந்தார். ஊரில் யாராவது கேட்டால் சீலை எடுக்கப் போவதாகச் சொல்லும்படி வழியில் இரண்டு தடவை சொன்னார்.

வைத்தியசாலையில் இரத்தம் எடுக்கும் இடத்தில் நீண்ட வரிசை. உட்கார இடமில்லை. அப்பால் இரத்தம் ஏற்றும் வாட்டின் கதவு திறந்திருந்தது. உள்ளே அந்தப் பிள்ளை, இப்போது உயர்தர வகுப்பு மாணவி, ஒரு கையில் குழாயோடு, மடியில் குறிப்புப் புத்தகத்தோடு சாய்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். வகுப்பில் எழும்பி நிற்கிற பழக்கம் போகவில்லை.

"யாருக்கு சேர்?" என்று கேட்டாள்.

தாத்தா என் முகத்தைப் பார்த்தார்.

"எங்களுக்குத்தான் மகள்" என்றேன்.

அவள் குழாயில்லாத கையால் கட்டிலருகே கிடந்த கதிரையை இழுத்து, அதிலிருந்த தன் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "வந்து இரிங்க மாமி, சுணங்கும்" என்றாள்.